தூசி இல்லாத அறுவடை

மாப்பிள்ளை வந்துவிட்டார். அதாவது, அவருடைய வண்டி வந்துவிட்டது. வண்டி வேறு, மாப்பிள்ளை வேறு என்று இந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேல் வயலின் முனையில் அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்க, அவர் அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சூரியகாந்திக்குள் நுழைந்த அடுத்த நிமிடமே அதில் புழுதி அப்பப் போகிறது. தெரிந்தும் துடைப்பார். அவர் சுபாவம் அப்படி.

அவர் அறுத்துக் கொட்டும் விதையில் ஒரு சருகு இருக்காது, ஒரு காம்புத் துணுக்கு இருக்காது. எண்ணெய் ஆலையில் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு யார் வண்டி என்று விசாரிப்பார்கள். அப்போது மாமனாருக்கு முதுகு தானாக நிமிரும். "என் மாப்பிள்ளை அறுத்தா ஒரு தூசி இருக்காது" என்று சொல்லிச் சொல்லி, அது அவருடைய மூச்சோடு கலந்துவிட்டது.

இனி மருமகளிடம் வருவோம். போன வாரம் அவளைக் கீழ் வயலில் ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார வைத்துவிட்டு வந்தோம், பாவம், கால் மரத்துப் போயிருக்கும்.

கீழ் வயல் கோதுமை வயல். அறுவடை முடிந்து ஒரு மழை விழுந்தால் அது தானாகவே பச்சை கட்டும். வருஷா வருஷம் நடக்கிற அதிசயம் இது. மாமனார் அதைப் பார்க்க ஆட்களைக் கூட்டி வருவார். விதைக்காமலே முளைக்கிற மண் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்பார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அன்று மருமகள் பார்த்தது வேறு. பச்சை எல்லா இடத்திலும் இல்லை. கோடு கோடாக இருந்தது. ஒரு கோடு பச்சை, அடுத்தது வெறும் மண், மறுபடியும் பச்சை. வயலின் கோடிக்குப் போய் அந்தக் கோடு வளைந்து திரும்பியும் இருந்தது. மண் எங்காவது வளைந்து திரும்புமா? மாப்பிள்ளையின் வண்டி திரும்பிய இடத்தில் கோதுமையும் திரும்பியிருந்தது. வண்டியின் பின்பக்கம் வழியாக விழுந்த மணிகள்தான் அப்படி முளைத்திருந்தன.

நிற்கும்போது பார்ப்பவர் கண்ணெல்லாம் படுகிற பயிர், மூட்டையாகும்போது மட்டும் ஏன் இளைத்துப் போகிறது என்று நாலு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். விடை காலடியில் பச்சைப் பசேலென்று நின்றது.

அவள் கல்யாணத்துக்கு முன் விதைக் கடையில் வேலை பார்த்தவள். மாமனாருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வயல் அவள் கைக்கு வந்தது. வரிசைக்கு வரிசை இடம் விட்டு விதைத்தாள். நெருக்கமாக முளைத்ததை மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிக் கலைத்தாள். களையை அது தலையெடுக்கும் முன்பே எடுத்தாள். மொட்டு விடும் நேரத்தில் தண்ணீர் தப்பாமல் பார்த்துக்கொண்டாள். பூத்த சமயத்தில் தேனீப் பெட்டிகளை வரவழைத்து வயலோரம் வைத்தாள், அதில் ஒரு தேனீ கொட்டி முகம் வீங்கி, புருஷனே அடையாளம் தெரியாமல் நின்றது தனிக் கதை.

இத்தனைக்கும் பலன் இல்லை என்றுதான் மாமனார் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. பெண்பிள்ளை வெயிலில் தேய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். மேல் வயலை, கிடங்கு கட்ட இடம் கேட்கிற கிடங்குக்காரருக்கு விற்றுவிடலாம் என்கிறார். கிடங்குக்காரர் இன்று சாயங்காலம் பதிலுக்கு வருகிறார். இந்தச் சூரியகாந்தியும் வழக்கம்போல ஏமாற்றினால், பதில் சரி என்பதுதான்.

சாலைக்கு எதிர்ப்புறம் அவருடைய முதல் கிடங்கு ஏற்கெனவே நிற்கிறது. அந்த இடம் முன்பு மாப்பிள்ளையின் அண்ணனுடைய வயல். விளைச்சல் கட்டுப்படியாகவில்லை என்று கொடுத்துவிட்டு, இப்போது அதே இடத்தில் லாரிகளை எடை போடும் வேலை பார்க்கிறார்.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். மாப்பிள்ளையிடம் போய், உங்கள் வேலையில் குறை என்று இந்த வீட்டில் யார் சொல்வது? அவர் அறுக்கும்போது எல்லோரும் வண்டிக்கு முன்னால் நின்று பார்ப்பார்கள். பாராட்டுவார்கள். முடிந்ததும் கை கழுவத் தண்ணீர் ஊற்றி, இலையோ தட்டோ நிறையச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். வண்டிக்குப் பின்னால் நடந்து, தரையைக் குனிந்து பார்ப்பது என்பது மாப்பிள்ளையைச் சோதனை போடுவது மாதிரி. அந்த மரியாதைக் குறைவை யாரும் ஒருநாளும் செய்ததில்லை.

மருமகள் முதலில் தன் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். பேருந்துப் பணிமனையில் பெரிய பெரிய இன்ஜினைப் பிரித்துப் போடுகிற மனுஷன், மாப்பிள்ளை என்றதும் தலையைச் சொறிந்தார். தங்கச்சி வீட்டில் ஏதாவது சண்டை வந்துவிட்டால் என்றார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் வயலே இருக்காது என்று இவள் சொன்னதும், டிராக்டருக்கு டீசல் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

ஆகவே இன்று காலை சமையலறையில் நாத்தனாரைப் பிடித்தாள். நாத்தனாருக்கு இந்த வீட்டில் பாப்பா என்று பெயர். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அதுகள் பள்ளிக்கூடமும் போகிறதுகள், இவள் இன்னும் பாப்பாதான். வயலுக்குக் கொண்டுபோகக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் சுற்றி வளைக்காமல் கோடுகளைப் பற்றிச் சொன்னாள். வண்டிக்குள் சுற்றுகிற காற்றாடியின் வேகம் அதிகமாக இருக்கும், சருகோடு சேர்த்து நல்ல விதையையும் வெளியே ஊதித் தள்ளுகிறது என்றாள். கோதுமைக்கே இப்படி என்றால், கனமே இல்லாத சூரியகாந்தி என்ன பாடுபடும் என்றாள்.

பாப்பா குழாயை மூடினாள். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணி, உங்களுக்கு விளையலைன்னா அதுக்கு எங்க வீட்டுக்காரர் தலையா கிடைச்சது?"

"பழி போடலை பாப்பா. ஒரு தடவை வண்டிக்குப் பின்னாடி பார்த்தா தெரிஞ்சுடும்."

"நானே பார்க்கறேன். ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா, நீங்க அவர்கிட்ட மன்னிப்பு கேட்கணும்."

"கேட்கறேன்" என்றாள் மருமகள். தன் கணக்கு தப்பாக இருந்துவிட்டால், வயலும் போய், நாத்தனார் உறவும் போய்விடும்.

பாப்பா கொடிக்குப் போய்க் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பை உருவிக்கொண்டாள். அது நேற்றுத்தான் துவைத்தது. அதைச் சொல்வதற்கு இது நேரம் இல்லை என்று மருமகள் வாயை மூடிக்கொண்டாள்.

வயலில் வண்டி இறங்கிவிட்டது. காய்ந்து தலை கவிழ்ந்த பூக்கள் வரிசையாக உள்ளே போயின. மாமனார் வழக்கம்போல வரப்பில் நாற்காலி போட்டு, கைத்தடியில் தாடையை ஊன்றி, முன்பக்கத்தையே ரசித்துக்கொண்டிருந்தார். பாப்பா டிராக்டரில் உட்கார்ந்திருந்த அண்ணனை இறங்கச் சொன்னாள். விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் திணித்தாள்.

"நான் எதுக்கு?" என்றார் அவர்.

"பிடிண்ணா. உன் மாப்பிள்ளை நல்லவர்னு நிரூபிக்கத்தான்."

அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், நடுவில் விரிப்பு. வண்டியின் வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே நடந்தார்கள். தண்டும் சருகும் உமியும் அவர்கள் மேல் கொட்டியது. அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், புழுதிக்காக என்றுதான் வைத்துக்கொள்வோம். சற்று தூரம் போனதும் பாப்பா நின்றாள். இரண்டு பேரும் விரிப்பைத் தரையில் வைத்தார்கள்.

அவள் தண்டுகளைப் பொறுக்கி எறிந்தாள். சருகைக் கையால் வழித்தாள். அடியில் விதைகள் கிடந்தன, கறுப்பும் சாம்பல் கோடுமாக. பதராகத்தான் இருக்கும் என்று ஒன்றை எடுத்துக் கடித்தாள். உள்ளே முழுப் பருப்பு. இன்னொன்றைக் கடித்தாள். அதுவும் அப்படித்தான். விரிப்பின் நடுப்பகுதி முழுக்க அதுதான் கிடந்தது.

பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனைக் காப்பாற்றக் கொண்டுவந்த விரிப்பு அது.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொட்டிவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம், உன் அண்ணியை நான் சமாளிக்கிறேன் என்றார். அவர் சொன்னது பாசத்தில்தான். பாப்பாவும் ஒரு கணம் விரிப்பின் முனையைத் தூக்கினாள். பிறகு வரப்பில் நின்றுகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கிட்டே வரவில்லை, என்ன கிடைத்தது என்று கேட்கவும் இல்லை. தேனீ கொட்டி வீங்கிய முகத்தோடு அவள் இதே வரப்பில் நின்றது பாப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள், இவளும்தான் சிரித்தாள்.

பாப்பா விரிப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஓடினாள். வயலைச் சுற்றிப் போய், திரும்பி வரும் வண்டிக்கு முன்னால், நல்ல தூரத்திலேயே நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

அறுவடை நடுவில் மாப்பிள்ளை வண்டியை யாரும் நிறுத்தியதில்லை. பதறிப்போய் இறங்கினார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். பாப்பா மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். "உங்க வண்டிக்குப் பின்னாடி விழுந்ததுங்க. இவ்வளவு தூரம் நடந்ததுக்கே இவ்வளவு" என்றாள்.

அவருக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டிராக்டர் பக்கம் மெதுவாக நகர ஆரம்பித்த அண்ணனைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மாப்பிள்ளை ஒரு கை அள்ளினார். சருகும் விதையும் கலந்து கிடந்ததை உள்ளங்கையில் வைத்து ஊதினார், பலமாக. சருகு பறந்தது. விதையும் பறந்தது. கை வெறுங்கையாக இருந்தது, சுத்தமாக. மறுபடி அள்ளினார். இந்த முறை மெல்ல ஊதினார். சருகில் பாதி போனது, பாதி ஒட்டிக்கொண்டது. விதை அசையாமல் இருந்தது.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமனார் நாற்காலிக்கு எதிரே போய், கையை நீட்டிக் காட்டினார்.

"மாமா, சுத்தமா வரணும் சுத்தமா வரணும்னு காத்தை ஏத்தி வச்சு, உங்க விதையை நான்தான் வெளியில தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்."

மாமனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, கீழ் வயல் பக்கம் திரும்பினார். "அப்ப அங்க பச்சையா நிக்கறது?" என்று இழுத்தார்.

"நம்ம கோதுமைதான் மாமா" என்றாள் மருமகள்.

கிழவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து பாப்பா ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, சிரித்தார். தன் நஷ்டத்தைத் தானே ஆள் கூட்டி வந்து காட்டி, டீயும் கொடுத்து அனுப்பினவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்றார். அப்புறம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். தூசி இல்லை தூசி இல்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து உங்களை அப்படிப் பழக்கியதே நான்தான், இதில் உங்கள் தப்பு மட்டும் இல்லை என்றார்.

அதன் பிறகு நடந்த அறுவடை மாதிரி அந்த வயலில் ஒன்று நடந்ததே இல்லை. மாப்பிள்ளை வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காற்றாடி வேகத்தைக் குறைத்தார். வண்டியை மாட்டு வண்டி வேகத்துக்கு ஓட்டினார். ஒரு வரிசை முடிந்ததும் தானே இறங்கிப் பின்னால் போய்த் தரையைக் குனிந்து பார்த்தார். அங்கே விழுந்தது குறைந்தும் அவருக்குத் திருப்தி இல்லை. சல்லடைக் கண்களை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார், மறுபடி ஓட்டினார், மறுபடி இறங்கினார். சுத்தத்தில் காட்டிய பிடிவாதத்தையெல்லாம் இப்போது இதில் காட்டினார். மத்தியானம் போக வேண்டிய வேறொரு வயலுக்குப் போன் போட்டு, நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

வண்டியின் தொட்டி நிறைந்தால் ஹாரன் அடிப்பார், டிராக்டர் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எப்போதும் வயலின் அந்தக் கோடியில்தான் நிறையும். அண்ணன் பழக்கதோஷத்தில் டிராக்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, நிழலில் சாய்ந்துவிட்டார். ஹாரன் பாதி வயலிலேயே அடித்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது.

"தொட்டி வழியப் போகுது, வாங்க சீக்கிரம்" என்று மருமகள் வரப்பிலிருந்து கத்தினாள். அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அந்தக் கத்தலில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டட்டும் என்று இருந்தது அவளுக்கு. பாதி வயலில் தொட்டி நிறைந்துவிட்டது. அவள் போட்ட இடைவெளியும், பிடுங்கிய களையும், பார்த்துப் பார்த்துப் பாய்ச்சிய தண்ணீரும் எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் இந்தச் செடிகளில்தான் இருந்திருக்கிறது. யாருக்கு என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் கிடங்குக்காரர் வந்தபோது டிரெய்லரில் விதை குவிந்து கிடந்தது. மரியாதையான மனிதர், நேரே விஷயத்துக்கு வரவில்லை. குவியலில் கையை விட்டு அள்ளினார். சருகும் துணுக்குமாக இருந்ததைப் பார்த்து, உங்கள் மாப்பிள்ளை வண்டியா இது, குப்பையாக இருக்கிறதே என்றார்.

மாப்பிள்ளை தலை குனியப் போனார். மாமனார் முந்திக்கொண்டார்.

"குப்பையை வீட்ல சலிச்சுக்கலாம். வயலை நான் விடறதா இல்லை. உங்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க."

கிடங்குக்காரர் குவியலையும் கிழவரையும் பார்த்தார். நல்லது என்று சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மாமனார் மருமகளைக் கூப்பிட்டார். இந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை, ரொம்பப் பிடித்துப் போனால் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பார்கள். கிழவர் கைத்தடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்.

"நீ நாலு வருஷமும் நல்லாத்தாம்மா விளைய வச்சிருக்கே. நாங்கதான் வீடு கொண்டு வந்து சேர்க்கலை."

அவள் தலையை ஆட்டினாள். பாப்பா பின்னால் வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையில் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி என்றாள். நீ கொட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது பாப்பா, நீ நின்றாய், அதை மட்டும்தான் நான் மனசில் வைத்துக்கொள்வேன் என்றாள் மருமகள். விரிப்பு கிழிந்துவிட்டதே என்றாள் பாப்பா. போகட்டும், பழசு என்றாள் இவள். அது பழசே இல்லை.

மாப்பிள்ளை கை கழுவ வரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தேடிப் போனால், அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அந்த விரிப்பு, அதில் காலையில் விழுந்த விதை.

மருமகளைக் கண்டதும் எழுந்து நின்றார். "நீ கண்டுபிடிச்சது பெரிய உதவிம்மா. இல்லேன்னா இந்த வயலையும் நானே இல்லாம பண்ணியிருப்பேன்" என்றார்.

இந்த வயலையும் என்று அவர் சொன்னது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. அவர் பார்வை போன திசையில் பார்த்த பிறகுதான் உறைத்தது. எதிரே கிடங்கின் தகரக் கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அங்கே சூரியகாந்தி நின்ற காலத்தில் வருஷா வருஷம் அறுத்துக் கொடுத்ததும் இவர்தான். உனக்கு விவசாயம் வரவில்லை அண்ணா, விட்டுவிடு என்று சொன்னதும் இவர்தான்.

அண்ணனைப் பார்க்க நாளைக்குப் போகலாமே, சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்றார்கள். அவர் கேட்கவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

எடை மேடையில் கடைசி லாரியை அனுப்பிவிட்டு நின்ற அண்ணன், தம்பி புழுதியும் வேர்வையுமாக நடந்து வருவதைப் பார்த்தார். புழுதியோடு இவனை அவர் பார்த்ததே இல்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக எதிரே வந்தார்.

"என்னடா, வண்டி கெட்டுப் போச்சா? இரு, நான் வரேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்குண்ணா" என்றார் மாப்பிள்ளை. மூட்டையை எடை மேடையின் மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.